எல்லைக்கல்லில் நின்ற படகு

1971ஆம் வருஷத்து ஐப்பசியில் ஸம்பத்குமாருக்கு வந்த உத்தரவு அரைப் பக்கம்தான் இருந்தது. அத்திப்பட்டுக்கு வடக்கே கால்வாயில் கேட்பாரற்றுக் கிடக்கும் படகைப் பதினைந்து நாளைக்குள் அகற்ற வேண்டும். மாதக் கடைசியில் பெரிய இன்ஜினீயர் மோட்டார் லாஞ்சில் பார்வையிட வருகிறார்.

ஸம்பத்குமார் கால்வாய்ப் பிரிவு ஆபீசில் குமாஸ்தா. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். அண்ணன் மடப்பள்ளியில் இருந்தார். இவனுக்கு சர்க்கார் உத்தியோகம். தண்ணீர் என்றாலே அவனுக்குப் பயம். அவனைக் கொண்டுபோய்க் கால்வாய் இலாகாவில் போட்டிருந்தார்கள்.

படகு நாற்பதடி நீளம். ஒரு காலத்தில் உப்பு ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குப் போய்வந்தது. லாரிகள் வந்த பிறகு படகுக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இந்தப் படகு மட்டும் ஐந்து வருஷமாகக் கால்வாயில் பாதியை அடைத்துக்கொண்டு சேற்றில் கிடந்தது.

ஸம்பத்குமார் நோட்டீசும் பசை டப்பாவுமாக மேஸ்திரி சடையப்பனைக் கூட்டிக்கொண்டு போனான். படகின் பக்கப்பலகையில் நோட்டீசை ஒட்டும்போது ஓலைக் கூண்டிலிருந்து ஒரு அம்மாள் வெளியே வந்தாள். கக்கத்தில் ஒரு கோழி.

"இன்னா ஒட்ற?"

"சர்க்கார் நோட்டீஸ்மா. இது கேட்பாரற்ற படகு."

"அதான் நான் கேக்கறேனே, இன்னா ஒட்றன்னு."

ஸம்பத்குமார் பசை டப்பாவைக் கீழே வைத்தான். சடையப்பன் கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

"ஏம்மா, நீ இதிலேயா குடியிருக்கே? உன் பேர் என்ன?" என்றான் ஸம்பத்குமார்.

"கெங்கம்மா. அதுல இன்னா எழுதிக்கீதுன்னு படி."

படித்தான். போக்குவரத்துக்கு இடைஞ்சலாகப் படகை விட்டுவைத்த உரிமையாளர் மீது வழக்குத் தொடரப்படும் என்ற இடம் வந்ததும் கெங்கம்மாள் கையைத் தூக்கினாள்.

"அப்ப எனக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்ல. நான் கோழிக்குக் காவலு."

கெடு முடியும் மட்டும் உரிமையாளர் என்று ஒருவரும் வரவில்லை. ஸம்பத்குமார் உள்ளதை உள்ளபடி எழுதினான்: 'உரிமையாளர் எவருமில்லை. குடியிருப்பவர் ஒருவர். கோழிகள் ஏழு.' மேலிருந்து உடனே பதில் வந்தது: 'கேட்பாரற்ற படகில் குடியிருப்பவர் எப்படி இருக்கக்கூடும் என்பதை விளக்குக.'

விளக்க நேரமில்லை. மூன்று நாளாக அடைமழை. இன்ஜினீயர் வர இன்னும் இரண்டே நாள். சடையப்பன் பன்னிரண்டு ஆட்களையும் ஸ்டோரிலிருந்து ஒரு வடக்கயிற்றையும் கொண்டுவந்தான். படகைக் கரைமேல் இழுத்துப் போடுவது என்று ஏற்பாடு. கெங்கம்மாள் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நயமாகப் பேசிப் பார்க்கலாமென்று ஸம்பத்குமார் கண்ணை மூடிக்கொண்டு, கரையிலிருந்து படகுக்குப் போட்டிருந்த பலகையில் நடந்து உள்ளே போனான்.

அவன் வாயைத் திறப்பதற்குள் வெளியே சடையப்பன் "ஏலேலோ" போட்டுவிட்டான். மழைத் தண்ணீரில் படகு ஏற்கெனவே சேற்றைவிட்டுக் கிளம்பியிருந்தது. ஒரே இழுப்பு, கயிறு அறுந்தது. பன்னிரண்டு பேரும் கரையில் மல்லாந்தார்கள். படகு ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீரோடு வடக்கே நடையைக் கட்டியது.

"சடையப்பா! பிடி! பிடிடா!"

"கவுறு ஸ்டோர் கவுறு சார்! இத்துப் போய்க்கீதுன்னு நான் அப்பவே சொன்னேன் சார்!" என்று சடையப்பன் கரையோடு ஓடிவந்தான்.

ஸம்பத்குமார் கூண்டின் மூங்கிலைக் கட்டிக்கொண்டு பெருமாளைக் கூப்பிட்டான். கோழிகளும் சேர்ந்து கூப்பிட்டன.

ஒரு மைல் போனதும் எல்லைக்கல் வந்தது. அதற்கப்புறம் அடுத்த பிரிவு. அந்தப் பிரிவின் குமாஸ்தா ஆதிநாராயணன் குடையோடும் நாலு ஆட்களோடும் கரையில் நின்றிருந்தார். சைக்கிளில் யாரோ முந்திப்போய்ச் சொல்லியிருந்தார்கள்.

"யோவ் ஸம்பத்து! உன் குப்பைய என் பக்கம் தள்றியா? பெரியவரு என் பக்கமும் வர்றாருய்யா!"

"நான் தள்ளலை சார்! தண்ணி தள்றது!"

"அப்ப தண்ணிகிட்ட எழுதி வாங்கினு வா!"

நாலு ஆட்களும் கழியைக் கொடுத்துப் படகைத் திருப்பித் தள்ளினார்கள். அதற்குள் சடையப்பனின் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். தங்கள் ஆபீஸ் மானத்தை விட்டுக்கொடுக்காமல் அவர்கள் மறுபக்கத்திலிருந்து தள்ளினார்கள். படகு எல்லைக்கல்லுக்கு நேராக, நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தது. ஸம்பத்குமாருக்குக் கரை, ஆதிநாராயணன், பனைமரம், சடையப்பன், மறுபடியும் கரை என்று மாறி மாறித் தெரிந்தது.

கெங்கம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு புடவையை வரிந்து செருகிக்கொண்டு, கூண்டுக்குள்ளிருந்து ஒரு நீளக் கழியை உருவினாள்.

"எடுங்கடா எல்லாரும் கழிய! படகு தள்ற மூஞ்சிங்களா இதுங்க?"

எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அவள் கழியைச் சேற்றில் ஊன்றித் தோளில் கொடுத்து முனையிலிருந்து கடைசிவரை பக்கப்பலகைமேல் நடந்தாள். படகு அடங்கி, நேராகி, ஆதிநாராயணனைத் தாண்டிப் போயிற்று. அவர் குடையை மடக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குப் படகு தள்ளத் தெரியுமா?" என்றான் ஸம்பத்குமார்.

"உப்பு மூட்டை ஏத்திக்கினு மெட்ராஸ் வரிக்கும் தள்ளிக்கீறோம். வூட்டுக்காரரு முன்னால, நான் பின்னால. அவரு போனப்புறம் ஒண்டியா தள்ள முடியல. கட்டிட்டேன்."

"அப்போ இது உன் படகு!"

"வயக்கு போடுவேன்னு எழுதி எடுத்தாந்த ஆளுகிட்ட வேற இன்னா சொல்லச் சொல்ற?" என்றவள் இன்னொரு கழியை அவன்மேல் போட்டாள். "சும்மா குந்திக்கினு இருக்காத அய்யரே. புடி."

"அய்யர் இல்லைம்மா, அய்யங்கார்."

"அவங்களும் புடிக்கலாம்."

பிடித்தான். முதல் நடையிலேயே தண்ணீரில் விழப் பார்த்தான். அவள் பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். பத்தாவது நடைக்குக் கால் பழகிவிட்டது. கால்வாய் அகன்று பழவேற்காடு ஏரி தெரிந்தபோது, தான் நடுத்தண்ணீரில் நிற்பது அவனுக்குத் திடீரென்று உறைத்தது. ஆனால் கழியை விட மனம் வரவில்லை.

"இங்க கட்டினா உங்க ஆபீசு வருமா?"

"ஏரி எங்க இலாகா இல்லைம்மா."

"அப்ப இங்கியே கட்டு."

கரையில் சிலர் சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் குவித்துவைத்துப் படகுக்குக் காத்திருந்தார்கள். கெங்கம்மாள் படகு தள்ள இரண்டு ஆட்களைப் பேசி முடிப்பதற்குள் முதல் கூடை ஏறிவிட்டது.

ஸம்பத்குமார் அறிக்கையில், 'உரிமையாளர் கண்டறியப்பட்டார். படகு அவராலேயே அகற்றப்பட்டது' என்று எழுதினான். லாஞ்ச் வந்தது, போனது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

படகு போன அன்று வீடு திரும்பியபோது அவன் மனைவி அம்புஜவல்லி கொப்புளம் கட்டிய கைகளைப் பார்த்துப் பதறினாள்.

"என்னன்னா இது? ஆபீஸ்ல பேனாதானே பிடிக்கறேள்?"

அவள் வெண்ணெய் தடவத் தடவ, அவன் நடந்ததைச் சொன்னான். எல்லைக்கல்லில் படகு சுற்றிய இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கயிறு அறுந்த எடத்துலேர்ந்து இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றாள். அவனும் சொன்னான், இந்தத் தடவை ஆதிநாராயணன் குரலிலேயே.