செவ்வாய்க்கிழமைச் சூடு

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒரு பெட்டரிக்கு எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சுலக்ஷனா சில வாரங்களாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

இலங்கை மலையகத்துக் கந்தப்பளையில் பிறந்து பல்கலைக்கழகம் போன பெண் அவள். பெட்டரி தீப்பிடிக்காமல் நெடுநாள் உழைக்க அதை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனபோது, மேல் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளுக்குப் பல்கலைக்கழகம் சோலார் தகடும் பெட்டரிப் பெட்டியும் கொடுத்தது. அவர்களுக்கு வெளிச்சம், அவளுக்கு ஆராய்ச்சி. ஒவ்வொரு பெட்டியும் தன் சூட்டை நாள் முழுக்க அவளுடைய கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எல்லாப் பெட்டிகளும் ஒழுங்காக இருந்தன, இக்னேசியஸ் வீட்டுப் பெட்டியைத் தவிர. செவ்வாய்தோறும் அந்தி சாயும் நேரத்தில் அதன் இடது மூலை மட்டும் சூடேறும். கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். மற்ற நாட்களில் பச்சைப் பிள்ளைபோலக் கிடக்கும். லைட் கூடுதலாக எரித்தார்களா என்று பார்த்தாள், இல்லை. வெயிலாக இருக்குமோ என்றால், டயகமவில் அந்தியில் ஏது வெயில்? சந்தை நாளா, சம்பள நாளா என்றுகூட யோசித்தாள். பெட்டரிக்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தன்மேலேயே சிரிப்பு வந்தது.

அவளுடைய பேராசிரியருக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டு வருகிறது, இப்படிப்பட்டது ஒருநாள் தானாகவே எரியும் என்றார். ஒரு வீட்டுக் காம்பரா எரிந்தால் லயம் முழுவதும் எரியும். காரணம் தெரியாவிட்டால் எல்லா வீட்டுப் பெட்டிகளையும் திருப்பி எடுக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார்.

 அடுத்த செவ்வாய் சூடு ஏறத் தொடங்கியதும், சுலக்ஷனா இருந்த இடத்திலிருந்தே கணினி வழியாக அந்தப் பெட்டியை நிறுத்தினாள். பிறகுதான் அந்த வீட்டுக்கு போன் எடுத்தாள். போகவில்லை. மறுநாள் எடுத்தும் அழைப்புப் போகவில்லை.

நிறுத்தினால் ஆறிவிடும் என்று நம்பியவளுக்கு அடுத்த குழப்பம் காத்திருந்தது. புதன்கிழமையும் பெட்டி சூடேறியது, வியாழனும் ஏறியது. கரண்டு உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. சூட்டைச் சொல்லும் சின்னக் கருவி மட்டும்தான் தனியே விழித்திருந்தது. பிறகு எங்கிருந்து வருகிறது இந்தச் சூடு? படித்ததெல்லாம் பொய்யா, அல்லது படித்தவளுக்குத்தான் பைத்தியமா என்று புரியாமல் வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினாள்.

வீட்டில் இக்னேசியஸ் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி மார்கிரட், ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் காம்பராவில் நனையாத இடம் ஒன்றே ஒன்று, சுவரோரத்துப் பலகைத் தட்டு. தட்டின் நடுவில் பெட்டரிப் பெட்டி. அதற்கு இடது பக்கம் அந்தோனியார் சொரூபம். இரண்டுக்கும் நடுவில், பெட்டியோடு ஒட்டியபடி, பாதி எரிந்த மெழுகுதிரி.

சுலக்ஷனாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பெட்டரிக்குப் பக்கத்தில் நெருப்பு என்பது உறைத்ததும் திரியைப் பெட்டியைவிட்டுத் தள்ளி வைத்தாள்.

"செவ்வா அந்தோனியாரு நாளுங்க மிஸ். இவருக்கு மூச்சு சீரா வரணும்னு ஒரு திரி ஏத்துவேன்," என்றாள் மார்கிரட். "லைட்டு நின்னதுல இருந்து தெனமும் ஏத்துறேன். பெட்டிக்கும் சேத்துத்தான்."

இவள் நிறுத்தியதால் அவள் ஏற்றினாள். அவள் ஏற்றியதால் இவள் பயந்து நிறுத்தியே வைத்திருந்தாள். நினைக்க நினைக்கச் சுலக்ஷனாவுக்குத் தலை சுற்றியது.

"பெட்டி பழுதாகல அக்கா. நான்தான் அங்கேருந்து நிப்பாட்டினேன்."

மார்கிரட் வாளியைக் கீழே வைத்தாள். கட்டிலோரம் இருந்த மருந்தாவி மெஷினைப் பார்த்தாள். அது ஓடியது அந்தப் பெட்டியில்தான். முந்தின நாள் இரவு மூச்சு முட்டிப்போய், நாலு பேர் தூக்கித்தான் அவரை ரோட்டுக்கு இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். காலையில்தான் திரும்பி வந்தார்களாம்.

"நிப்பாட்ட முந்தி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேங்க."

போன் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்த சுலக்ஷனா நிறுத்திக்கொண்டாள். அந்த போனுக்கும் சார்ஜ் அந்தப் பெட்டியிலிருந்துதான். அவள் போன் எடுத்ததே பெட்டியை நிறுத்திய பிறகுதான். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டாள்.

பெட்டியை மறுபடி இயக்கியதும் விளக்கு எரிந்தது. திரியும் பெட்டியும் இனி ஒரே தட்டில் இருக்கக்கூடாது என்று விளக்கிச் சொன்னாள். நனையாத இடமோ ஒன்றுதான். யாரை இறக்குவது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மார்கிரட்டே சொரூபத்தை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, சொட்டுகிற மூலையில் இருந்த பெட்டகத்தின் மேல் வைத்தாள்.

"இவரு நனைஞ்சாலும் தாங்குவாரு," என்றாள்.

அடுத்த செவ்வாய் அந்தியில் கணினித் திரையில் கோடு நேராக ஓடியது. பேராசிரியருக்கு மகிழ்ச்சி. பெட்டிகள் எல்லாம் அந்தந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டார். சுலக்ஷனாவுக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏறாத அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது. திரி ஏற்றினார்களா, இல்லையா? அவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது? இதை எந்தப் பெட்டியும் அவளுக்குச் சொல்லப்போவதில்லை. போனை எடுத்தாள்.

"அக்கா, அவரு எப்படி இருக்காரு?"

"இருக்காருங்க மிஸ்." மார்கிரட்டின் குரல் சட்டென்று தாழ்ந்தது. "ஏன், பெட்டிய நிப்பாட்டப் போறீங்களா?"

"இல்ல அக்கா," என்றாள் சுலக்ஷனா. "அவரத்தான் கேட்டேன்."