முதுகு காட்டி நிற்கும் பெட்டி

...சிம்மைத் துடைத்தாயிற்று, அடாப்டரை மாற்றியாயிற்று, அணைத்து அணைத்துப் போட்டாயிற்று, இன்னும் என்னதான் வேண்டுமாம் இந்த ரவுட்டருக்கு, மதியம் சமர்த்துப் பிள்ளை, விடிந்தால் சண்டிக்குதிரை. ஒவ்வொரு நாளும் கடைசியாக எதைச் செய்தாளோ அதற்கே பாராட்டு, திங்களன்று சிம், செவ்வாயன்று அடாப்டர், மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி... ஜன்னல் திட்டில் உட்கார்ந்துகொண்டு சிவப்பு விளக்கைச் சிமிட்டுவதைப் பார், கண்ணடிக்கிறதாக்கும். அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு டீயை உறிஞ்சினாள். டீ நன்றாக இருந்தது, வெயிலும் நன்றாக இருந்தது, வீட்டிலிருந்தபடியே யார் யாருக்கோ காப்பீட்டு விவரம் சொல்லும் இந்த வேலையும் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் மேலாளர் நேற்றே சொல்லிவிட்டார், "நாளைக்கும் பேச்சு நடுவுல லைன் போச்சுன்னா, தலைமை ஆபீஸுக்கே வந்துடும்மா, ஹாஸ்டல் இருக்கு." தலைமை ஆபீஸ் வேறு ஊரில். வாரம் முழுக்க ஹாஸ்டல் கட்டில், சனிக்கிழமை மட்டும் புருஷன் முகம்... அதை அவரிடம் சொன்னபோது சோற்றைப் பிசைந்துகொண்டே "சரி, போய் இருந்து பாரேன்" என்றார், அவ்வளவுதான், லிஃப்ட் மெக்கானிக், கதவு மூடுகிற மாதிரி வாயையும் மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை, போகாதே என்று ஒரு வார்த்தை, சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா?

இன்னும் கால் மணி நேரத்தில் ஷிஃப்ட். மறுபடியும் எடுத்துத் துடைத்து, விளக்கிருக்கும் முகத்தை வெளியே டவரைப் பார்க்க வைத்து... அவள் கை நின்றது. முகம் வெளியே பார்த்தால் விளக்கு வெளிப்பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? எட்டிப் பார்த்தால்தானே தெரியும்? நாற்காலியில் இருந்தபடியே எப்படிக் கண்ணடிக்கிறது? ராத்திரி வெளியே பார்த்து நின்ற பெட்டி விடிவதற்குள் தானாகவா திரும்பும்... வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருவர் அவள் எழுவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்புகிறவர். போனை எடுத்து அவரை அழைத்தாள்.

"ஏங்க, ரவுட்டரைத் தொட்டீங்களா?"

"தொடல. திருப்பி மட்டும் வெச்சேன்." பின்னால் இரும்பு தட்டும் சத்தம். "அது பாட்டுக்கு உனக்கு முதுகைக் காட்டிட்டு வெளிய பாத்துட்டு நிக்குது. உன் பக்கம் திருப்பினாத்தானே உனக்கு நல்லா வரும்?"

"அது என்ன டேபிள் ஃபேனா?"

"...தினமும் திருப்பிட்டுத்தான் போறேன். ஏன், இப்பவும் சரியா வரலையா?"

தினமுமா? சிரிப்பு வந்தது, கூடவே மூக்கு நுனி எரிந்தது. டவரிலிருந்து வாங்கினால்தானே அது அவளுக்குத் தரும், இந்த மனுஷனுக்கு அதை எப்படி விளக்குவது... சாயங்காலம் நிதானமாகத் திட்டிக்கொள்ளலாம். "சரியாயிடுச்சு, வைங்க" என்றாள். பெட்டியைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் நீலம், அசையாத நீலம். முதல் அழைப்பு நடுவில் அறுபடவில்லை, இரண்டாவதும். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி நின்றது. மூன்றாவது அழைப்புக்கு ஹெட்போனைச் சரிசெய்தபோதுதான் கவனித்தாள், தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும்படி வலப்பக்கம் இருந்தது, நாற்காலி மேசைக்குக் கொஞ்சம் சாய்வாக, வெயில் கண்ணில் விழாதபடி... இதை எப்போது இப்படிப் போட்டாள்? அவள்தான் போட்டாளா?