நிசா கட்டிய மலை

செண்பகனூர் வீட்டுக்கு அந்தப் பொம்மை ரயிலைக் கொண்டுவந்தவன் சேக் பரீதின் பேரன். மே மாத லீவுக்கு வந்தவன் இரண்டு நாள் ஓட்டினான். அப்புறம் போனில் மூழ்கிவிட்டான். ஊர் திரும்பும்போது ரயில் பெட்டி கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. ஒரு எஞ்சின், மூன்று பெட்டிகள், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தண்டவாளத் துண்டுகள், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்த ஒரு கன்ட்ரோலர்.

பரீதுக்குக் கோடைக்கானல் பஜாரில் குல்லாவும் ஸ்வெட்டரும் விற்கிற கடை. சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் கடையில் ஈ ஓட்டத்தான் வேண்டும். அப்படியொரு மத்தியானம் கடையை வெள்ளனே அடைத்துவிட்டு வந்து, மாடி அறைத் தரையில் அந்த ரயிலைப் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். டீ கொண்டுவந்த மனைவி ஃபக்ருன்னிசா கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னங்க, சும்மா சுத்திச் சுத்தி வருது. எங்கயாச்சும் போக வேணாமா?"

"எங்க போகச் சொல்ற?"

"ரயிலு அடிவாரத்துல கோடை ரோடு ஸ்டேஷனோட நின்னு போச்சுல்ல. அத நம்ம மேல கொண்டாந்துருவோம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் பரீது ஆட்டோவில் பெரிய பிளைவுட் பலகையோடு வந்து இறங்கினார். மகனின் பழைய கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் பலகைக்குக் கால் அடித்தார்கள். அன்றைக்கே நிசா பாகம் பிரித்துவிட்டாள். "தண்டவாளம் உங்க சோலி. மலை என் சோலி. அடுத்தவங்க சோலில கை வைக்கக் கூடாது."

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பரீது போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கோடைக்கானல் ஈரத்துக்குத் தண்டவாளம் மங்கிப்போய் எஞ்சின் விக்கும். துணியால் துடைத்துவிட்டால் ஓடும். நிசாவுக்கு வீடியோ தேவைப்படவில்லை. கம்பி வலையை வளைத்து ஆணியடித்து, மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாளை அடுக்கடுக்காக ஒட்டினாள். மண்ணுக்கு டீத்தூள் சக்கை, புல்லுக்குப் பச்சைச் சாயத்தில் நனைத்த மரத்தூள். நாளுக்கு நாள் மலை உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் அவள் தோளைத் தொட்டது.

"நிசா, இவ்வளவு செங்குத்தா இருந்தா எஞ்சின் ஏறாது. ஒரு மீட்டருக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான் ஏறலாமாம்."

"அப்ப அது மலையா, வரப்பா? நம்ம மலைய நீங்க பாத்ததே இல்லியா?"

மலையின் ஒரு பக்கத்தில் கோடு கிழித்தாற்போல ஒரு ஒற்றையடிப் பாதையையும் அவள் வைத்திருந்தாள். அது வண்டி போகாத மலையூரான வெள்ளகவிக்கு இறங்குகிற பாதை என்றாள். பாதையில் ஈர்க்குச்சியிலும் ரவிக்கைத் துணியிலும் செய்த இரண்டு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி பச்சை முக்காடு, இன்னொருத்தி மஞ்சள் முக்காடு. பச்சை நிசா, மஞ்சள் அவள் தங்கை ஹாஃபிஸா. பழனியில் வளர்ந்த அக்காளும் தங்கையும் என்றைக்காவது வெள்ளகவிக்கு நடந்து போய் வர வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே பேசிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம், பிள்ளை, கடை என்று போனதில் அது நடக்கவே இல்லை. அந்த ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது என்று கேள்விப்பட்டிருந்ததால் பொம்மைகளையும் வெறுங்காலோடுதான் செய்திருந்தாள்.

மலை காய்வதற்குள் பழனியிலிருந்து போன் வந்தது. ஹாஃபிஸா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் என்றார்கள். நிசா கிடைத்த துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஏறும்போதும் சொன்னாள். "மலை ஈரமா கெடக்கு. ஜன்னலத் தொறந்து வைங்க. பூஞ்சை பிடிச்சிரும்."

பரீது ஜன்னலைத் திறந்து வைத்தார். பனிமூட்டம்தான் உள்ளே வந்தது. பல்பு எரியவிட்டுப் பார்த்தார். கடைக்குப் பக்கத்தில் தைலம் விற்கிற குமரகுரு, "என்ன பாய், மலை ரயிலு எப்ப விடுறீங்க? டிக்கெட் போட்டு வைங்க" என்று தினமும் கேலி செய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறேன் என்றும் சொல்லிவிட்டான். அதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று பரீது மலைமேல் தண்டவாளத்தைப் பூட்டினார். எஞ்சின் பாதி ஏற்றத்தில் நின்றது. சக்கரம் மட்டும் சுழன்றது. பெட்டிகள் பின்னுக்கு இழுக்க, மொத்தமும் சறுக்கி வந்து தரையில் விழுந்தது. பெட்டிகளைக் குறைத்துப் பார்த்தார், தண்டவாளத்தைத் துடைத்துப் பார்த்தார். எஞ்சின் தனியாகக்கூட ஏறவில்லை.

நிசா வரட்டும், இரண்டு பேருமாகப் பார்ப்போம் என்று முதலில் நினைத்தார். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க அவருக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை கடைக்குப் போகாமல் ரம்பத்தை எடுத்தார்.

கொஞ்சம்தான் குறைப்பதாக எண்ணம். ஒரு பக்கம் குறைத்ததும் மறுபக்கம் தொங்கியது. அதையும் அறுத்தார். உள்ளே ஈரக் காகிதம் புளித்த மாவு வாடை அடித்தது. பாதை இருந்த பக்கத்துக்கு வந்தபோது பச்சை முக்காடும் மஞ்சள் முக்காடும் அவர் கண்ணில் பட்டன. இப்போது எடுத்தால் கை வேலை நின்றுபோகும், கடைசியில் எடுத்து வைத்துக்கொள்வோம் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் அறையெல்லாம் குப்பையாகக் கிடந்தது. வாரிச் சாக்கில் கட்டி, மறுநாள் காலையில் வந்த குப்பை வண்டியில் போட்டார். பொம்மைகளின் நினைவு வந்தபோது வண்டி வளைவு திரும்பிப் போயிருந்தது. கூப்பிட்டிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். அவர் கூப்பிடவில்லை.

அன்று ரயில் ஏறியது. தாழ்ந்துபோன மேட்டில் மூன்று பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு மேலே போய், மறுபக்கம் இறங்கி வந்தது. குமரகுரு கைதட்டினான். பரீதுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துத்தான் பிற்பாடு அவர் மிகவும் கூசிப்போனார்.

அந்த வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார். போடும்போது நிசாவின் எண்ணுக்கு மட்டும் தெரியாதபடி வைத்தார்.

சாயங்காலம் நிசா கூப்பிட்டாள்.

"மலை காஞ்சிருச்சாங்க?"

"எங்க காயுது. பனி மூடிக்கிட்டே கெடக்கு."

"வெரசாக் காய வைக்கிறேன்னு அடுப்பு கிடுப்பு வச்சிராதீங்க. ஹாஃபிஸாவுக்கு வலி தாங்கல. எந்திரிச்சு நடப்பேனாக்கான்னு கேட்டு அழுகுறா. நீ எங்க வீட்டு மலையில நடந்துக்கிட்டுத்தான் இருக்கன்னு சொன்னேன், சிரிச்சுட்டா. அவளுக்கு வீடியோ கால்ல காட்டுறீங்களா?"

"மாடில டவர் எடுக்க மாட்டேங்குது நிசா."

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொன்னார். மூட்டம் என்றார், கரண்ட் இல்லை என்றார். மாடிக்குப் போய், காகிதமும் பசையும் வாங்கி வைத்து, அவள் வருவதற்குள் திரும்பக் கட்டிவிடலாம் என்று முயன்றும் பார்த்தார். அவர் கையில் அது மலையாக வரவில்லை. குப்புறக் கவிழ்த்த அண்டாவைப் போல இருந்தது. பிய்த்துப் போட்டார்.

ஹாஃபிஸா வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்த பிறகுதான் நிசா திரும்பினாள். பஸ் ஸ்டாண்டில் அவள் பையை வாங்கிக்கொண்டபோதே சொல்லிவிட வேண்டும் என்றிருந்தார். ஆட்டோவில் சொல்லலாம் என்று தள்ளினார். வீட்டுக்கு வந்ததும் அவள் நேரே அடுப்படிக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். மாடிப்படி பக்கம் திரும்பக்கூட இல்லை.

"மாடிக்கு வரலியா?" என்றார்.

"பாத்துட்டேன்."

"எப்ப?"

"ஹாஃபிஸா மகன் ஜாசிம்தான் காட்டுனான். பெரியப்பா ரயிலு ஓடுது பாருங்கன்னு ஓடியாந்து காட்டுனான். நீங்க போட்ட அன்னைக்கே."

அதற்குப் பிறகு வந்த போன்களெல்லாம் பரீதுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. "தெரிஞ்சுக்கிட்டேவா தெனமும் கேட்ட?"

"இன்னைக்காவது சொல்லுவாருன்னு கேட்டேன்."

பால் பொங்கியது. இறக்கி வைத்தாள். "பக்கத்துல ஹாஃபிஸாவும் படுத்துக்கிட்டே பாத்தா. 'நம்ம ரெண்டு பேரும் எங்க, அக்கா'ன்னு கேட்டா. நாம அந்தப் பக்கம் இருக்கோம், போனு அங்க திரும்பலன்னு சொல்லிட்டேன்." பிறகு திரும்பி, "அந்த ரெண்டையும் எங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.

அவர் கையிலிருந்த அவள் பையைக் கீழே வைத்தார்.

"கவனிக்காம விட்டுட்டீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவளே வாசலைத் திறந்துவிட்டிருந்தாள். ஆனால் இன்னொரு பொய் அவர் வாயில் வரவில்லை.

"பாத்தேன். பாத்துட்டுத்தான் விட்டேன். குப்பை வண்டில போயிருச்சு."

நிசா டீயை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை. சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எப்போதும்போலச் சமைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். மாடி அறைக்கு மட்டும் போகவில்லை. பரீதும் ரயிலைத் தொடவில்லை. தொட்டால் கீழே சத்தம் கேட்கும்.

பெருநாள் கழிந்து ஜாசிம் தன் அம்மாவைக் காரில் கூட்டிவந்தான். கொஞ்ச நாள் அக்கா வீட்டில் இருக்கட்டும், குளிர்ச்சியாக இருக்கும் என்று. வந்த அன்றே ஹாஃபிஸா மலையைப் பார்க்க வேண்டும் என்றாள். படியேற முடியாது. பரீதும் ஜாசிமும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்தார்கள். பழனியிலிருந்து திரும்பிய பிறகு நிசாவும் அன்றுதான் அந்த அறைக்குள் வந்தாள்.

பரீது ரயிலை ஓட்டினார். திருகு கூடக்குறையத் திரும்பி, எஞ்சின் குதித்துக் குதித்துப் போனது. ஹாஃபிஸா வாய் கொள்ளாமல் சிரித்தாள். பிறகு கழுத்தை நீட்டித் தேடினாள்.

"நம்ம எங்க, அக்கா?"

"அங்கிட்டு, சுவத்தோரம். எட்டிப் பாக்க முடியாது, விடு" என்றாள் நிசா சட்டென்று.

தனக்காக அவள் மறுபடியும் பொய் சொல்வதைப் பரீதால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. கன்ட்ரோலரை அணைத்தார்.

"இல்ல ஹாஃபிஸா. நாந்தான் மலைய அறுத்தேன், ரயிலு ஏறலைன்னு. உங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே குப்பையில போட்டேன். உங்கக்காகிட்டயும் பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிரு."

ஜாசிம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹாஃபிஸா தன் காலைப் பார்த்தாள். பிறகு சிரிக்க முயன்றாள். "அப்ப நா குப்பை வண்டில ஊரச் சுத்திருக்கேன். நடக்கிறதுக்கு அது மேலு மச்சான், நோகாது." சிரிப்பு முழுதாக வரவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தனை நாளும் வலியெடுக்கும்போதெல்லாம் அந்த மஞ்சள் முக்காட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் கீழே போகலாம் என்றாள்.

அடுப்படியில் நிசா அவரை மடக்கினாள். அந்த ஒரு தடவைதான் அவள் குரல் உயர்ந்தது.

"யாருக்காகச் சொன்னீங்க அவகிட்ட?"

"உண்மையச் சொல்லணும்னு..."

"எங்கிட்டச் சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொல்லல. சொல்லக் கூடாத எடத்துல சொல்றீங்க. உங்க நெஞ்சு லேசாகணும். அதுக்கு ஒடம்பு முடியாதவதான் கெடச்சாளா?"

சொன்ன அந்த நிமிஷம் பரீதுக்கு நெஞ்சு லேசானது உண்மைதான். அதை அவள் கண்டுவிட்டாள்.

ஹாஃபிஸா இரண்டு வாரம் இருந்தாள். அவரிடம் எப்போதும்போல 'மச்சான்' என்று பேசிக்கொண்டுதான் இருந்தாள். வாசலில் வாக்கரை வைத்து நடக்கப் பழகும்போது பரீது கூடவே நடந்தார். மாடியைப் பற்றி அவள் மறுபடி பேச்செடுக்கவில்லை.

அவள் போன பிறகு ஒருநாள், பரீது கடையிலிருந்து வந்தபோது மாடியில் சத்தம் கேட்டது. ஏறிப் போனார். நிசா பலகையின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள்.

"எஞ்சின எடுத்து வைங்க. கோட்டுக்கு இங்கிட்டுக் கெடக்கிற தண்டவாளத்தையும் கழட்டணும். பலகையில இந்தப் பாதிக்கு ரயிலு வராது."

கழற்றினால் வட்டம் அறுந்துபோகும். ரயில் சுற்றி வர முடியாது. அங்கிருந்து இங்கே வந்து நின்று, அப்படியே பின்னால்தான் போக வேண்டும். அவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்து ஒவ்வொரு துண்டாகக் கழற்றினார். மேட்டைப் பிய்க்கும்போது அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பசை ஈரமா இருக்கிற வரைக்கும் ஓட்டாதீங்க. பலகை அதிரும்."

"ஓட்டல."

அந்த மழைக்காலம் முழுக்க அவர் ஓட்டவில்லை. எஞ்சின் அதன் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. "என்ன பாய், ரயில் சர்வீஸ நிறுத்திட்டீங்களா?" என்று குமரகுரு கேட்டால், மலை வேலை நடக்கிறது என்பார். மலை முன்னைவிட உயரமாகவே எழுந்தது. அதில் பாதை வருமா, பாதையில் யாராவது நடப்பார்களா என்று அவள் சொல்லவில்லை. கேட்கிற தகுதி தனக்கில்லை என்று அவரும் கேட்கவில்லை.

மத்தியானங்களில் அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "நா ஏதாச்சும் செய்யட்டுமா?" என்றார்.

"கேக்கும்போது செஞ்சாப் போதும்."

அவர் தலையாட்டினார். வெளியே மூட்டம் இறங்கி, எதிர்வீட்டுக் கூரை மறைந்தது. வெகுநேரம் கழித்து அவள் திரும்பாமலே கையை நீட்டினாள்.

"இங்கிட்டு வந்து இந்தக் கம்பிய இப்படிப் பிடிங்க. நா சொல்ற வரைக்கும் விடாதீங்க."

பரீது எழுந்து போய்ப் பிடித்தார். வெட்டிய கம்பி முனை உள்ளங்கையில் குத்தியது. அவள் ஆணியடித்து, முறுக்கி, இன்னொரு பக்கம் போய்ப் பார்த்து, திரும்பி வந்து மறுபடி முறுக்கினாள். விடச் சொல்லும் வரை அவர் விடவில்லை.