அக்கா கடைசியாகக் கேட்ட பாட்டு

ஒன்பதே முக்காலுக்கு இருபத்தேழாவது சிடி சுழலத் தொடங்கியது.

"இல்ல," என்றார் தம்பி. "இதுல குழல் வருது. அதுல குழலே கிடையாது."

"அதுல என்னதான் வந்துச்சு? அதச் சொல்லுங்களேன்," என்றாள் மனைவி.

"ஒரு ஆளு திட்டற மாதிரியே பாடறான். ஆனா சந்தோஷமா திட்டறான்."

அக்கா வீட்டு அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த அவளுடைய சிநேகிதர்கள், டாக்டரம்மாவும் சமையல்காரரும், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு மயான மண்டபத்தில் அக்காவுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு பாட்டு போடலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். எந்தப் பாட்டு என்பதில் தம்பிக்குச் சந்தேகமே இல்லை. அது எந்த சிடியில் இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை.

அக்கா ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்கேன் இயந்திரம் பொருத்தும் இன்ஜினியர். முப்பது வருஷம் ஊர் ஊராக, நாடு நாடாகப் போனாள். போன இடத்திலெல்லாம் யாராவது சிநேகிதமாகி, கிளம்பும்போது கையில் ஒரு பாட்டுத் தட்டைத் திணித்துவிடுவார்கள். தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஏழு நிறுத்தம். அதுதான் அவருடைய பிரயாணம். பக்கத்து வீட்டில் அக்கா பாட்டுப் போட்டால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார். அவள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவாள்.

போன வியாழக்கிழமை மத்தியானம்தான் அவர் முதல்முதலாக அவளுடைய பாட்டைக் கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே, தன் சின்ன சிடி பிளேயரின் ஒரு இயர்போனைத் தன் காதில் வைத்து, இன்னொன்றை அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

"எனக்கு மட்டும் புரியுதாக்கும்? கேளுடா."

கேட்டார். பாதிப் பாட்டில் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

"என்னக்கா சொல்றான் இவன்?"

"தெரியாது. யார்கிட்டயும் கேட்டதே இல்ல. அவன் பாட்டுக்கு சந்தோஷமா இருக்கான், விடு."

போர்வைக்கடியில் அவள் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. "இன்னொரு வாட்டி போடு" என்றாள். போட்டார். இரண்டாம் முறை பாட்டு முடிந்ததும், நல்லாத்தான் இருக்கு என்று சொல்லத் திரும்பினார். கட்டைவிரல் நின்றிருந்தது.

"பாடித்தான் காட்டுங்களேன் தம்பி," என்றார் சமையல்காரர். அக்கா வேலைக்குப் போன ஒரு தீவில் விடுதிச் சமையல்காரராக இருந்தவர். இப்போது இதே ஊரில் கேன்டீன் நடத்துகிறார்.

தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது பாட்டா, இல்ல தொண்டையில ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்றார் சமையல்காரர். "எதுக்கு இந்தக் கஷ்டம்? நான் குடுத்த படகுக்காரங்க பாட்டப் போடுங்க. அவங்களுக்கு இருக்கறதுலயே ரொம்பப் புடிச்சது அதுதான். அவங்களே சொன்னாங்க."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்போ சொன்னா?"

"ஒவ்வொரு வாட்டியும்."

"நான் குடுத்த மலைப் பொம்பளைங்க கோரஸ்தான் தன்னோட உயிருன்னு என்கிட்ட சொன்னாளே!"

சமையல்காரர் கையிலிருந்த சிடியை மெல்லக் கீழே வைத்தார்.

"அண்ணி அப்படித்தான்," என்றாள் மனைவி. "என் சமையல் மாதிரி உலகத்துலயே இல்லம்பாங்க. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூனைக்கு வெச்சிருவாங்க."

முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். சமையல்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"பாட வேணாம்," என்றார் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தாளம் மட்டும் போடுங்க."

தம்பி அலமாரியின் பக்கப்பலகையில் தட்டினார். லென்ஸ் தேய்த்துப் பழகிய விரல்கள். ஒரு இடத்திலும் பிசகவில்லை.

"ஐயோ! ஆட்டுக்காரன்!" என்று கத்தினார் டாக்டரம்மா.

அவரும் அக்காவும் ஒரே ஆஸ்பத்திரிக்கு வேலையாகப் போயிருந்தபோது, ஒரு ஆற்றுத்துறையில் படகு பழுதாகி நாலு மணி நேரம் காத்திருந்தார்களாம். பொழுது போகாமல், ஒரு பெட்டிக்கடையில் அட்டைப்படத்தைப் பார்த்து அவர் வாங்கிய சிடி அது. தோளில் ஆட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான். "சும்மா கேலிக்கு வாங்கிக் குடுத்தேன். கேட்டுட்டு, சுமார்தான்னு சொன்னா. எல்லாத்தையும் தலையில வெச்சு ஆடறவ, இத மட்டும்தான் அப்படிச் சொன்னா. தூக்கிப் போட்டிருப்பான்னு நெனச்சேன்."

நாலு பேருமாக ஆட்டைத் தேடினார்கள். வெறும் உறை கிடைத்தது. உள்ளே தட்டு இல்லை.

"கடைசியா கேட்டது அதுதானே?" என்றார் சமையல்காரர் மெதுவாக. "அப்போ அந்த பிளேயருக்குள்ளயேதானே இருக்கணும்?"

தம்பி எழுந்தார். ஆஸ்பத்திரிப் பை நாலு நாளாகப் பீரோ மேலேயே இருந்தது. மனைவி அதோடு வந்த சிடிப் பெட்டியை மட்டும் எடுத்து அலமாரியில் அடுக்கியிருந்தாள். பையை இருவருமே தொடவில்லை. ஜிப்பைத் திறந்தார். அக்காவின் ஸ்வெட்டர். அவரே தேய்த்துக் கொடுத்த மூக்குக்கண்ணாடி. வலது பக்கத்தில் விரல் ரேகை படிந்திருந்தது. துடைக்கப்போனவர் அப்படியே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கீழே பிளேயர்.

"இருக்கா?" என்று கூடத்திலிருந்து மூன்று குரல்கள் கேட்டன.

"இருக்கு," என்றார். அந்தக் குரல் அவருக்கே சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

மண்டபத்தில் ஐம்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள். ஸ்கேன் அறை ஊழியர்கள், நர்ஸுகள், எங்கிருந்தோ ரயிலேறி வந்தவர்கள். ஒவ்வொருவரும் தாங்கள் கொடுத்த பாட்டுதான் வரப்போகிறது என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தம்பி தலையசைக்க, மண்டப ஊழியர் பொத்தானை அமுக்கினார். அந்த ஆள் திட்டத் தொடங்கினான்.

முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சமையல்காரரின் தோள் அசைந்தது. அவருக்குப் பின்னால் இருந்த நர்ஸ் தலையாட்டினாள். டாக்டரம்மா அழுதுகொண்டே கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இடையிடையே அந்த ஆள் உரக்கக் கத்தும்போது, அர்த்தம் தெரியாமலே பாதிப் பேர் கூடவே கத்தினார்கள். தம்பியின் கத்தல்தான் எல்லோருடையதையும்விடப் பெரிதாக இருந்தது.

ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் முடிந்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. வாசலில் அடுத்த குடும்பம் பூக்களோடு வந்து நின்றிருந்தது. அவர் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

அந்தக் குடும்பத்தில் முன்னால் நின்ற வயதான அம்மாள், வேண்டாம், முடியட்டும் என்பதுபோல் கையை லேசாக உயர்த்தினார். அவர் தோளில் தொங்கிய பை தாளத்துக்கு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.