பொதுக்கூடத்துச் சுவரில் என் முகம்

எங்கள் அடுக்குமாடியின் பொதுக்கூடத்தில் அதுவரை உடைந்த நாற்காலிகளும் துருப்பிடித்த சைக்கிள்களும்தான் குடியிருந்தன. இரண்டாவது மாடித் தையல்காரம்மாதான் ஆளாளுக்கு வேலை சொல்லி அதைக் காலி செய்தார். பெரியவர் ஒருவரும் இளையவர் ஒருவருமாக ஜோடி சேர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் சுவரில் வரைய வேண்டும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னார்.

"சொந்த வீட்டு ஆளோட மட்டும் ஜோடி வேணாம்மா. அப்புறம் பெயிண்ட் டப்பா பறக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அதுவே விதியும் ஆகிவிட்டது. என் மகள் சிரிக்கவில்லை.

என் வாய்க்குப் பூட்டுப் போடத் தெரிந்த ஒருத்தி, என் மனைவி, போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதிலிருந்து "சாப்பாடு மேசைல இருக்கு" என்பதற்கு மேல் மகள் என்னிடம் பேசுவதில்லை. நான் பேசிக்கொண்டேதான் இருப்பேன். ஒரே சுவரில் சேர்ந்து வேலை செய்தால் நாலு வார்த்தையாவது பேசுவாள் என்று ஏங்கித்தான் அந்தக் கூட்டத்துக்கே போனேன். போய், சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

அவளுக்குச் சலூன்காரர் ஜோடி. எனக்கு நாலாவது மாடியின் வாலு, பள்ளிக்கூடத்துச் சிறுமி. எதிர்ச்சுவரில் சலூன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து 'உம்' கொட்ட, என் மகள் தூரிகையைத் தோய்க்க மறந்து பேசினாள். வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் வாலுவிடம் இன்னும் அதிகமாகப் பேசினேன்.

கடைசி நாள், மகள் சுவரில் வரைந்திருந்த சலூன்காரரின் முகத்தைப் பார்த்தேன். காதோர மச்சம்கூட விடுபடவில்லை.

"நல்லா வரைஞ்சிருக்கா" என்றேன், பக்கத்தில் நின்ற சலூன்காரரிடம்.

"நாளைக்குக் கிளம்புறதுக்குள்ள முடிக்கணும்னு ஒரே பிடிவாதம்."

"எங்க கிளம்புறா?"

"வேலை கிடைச்ச ஊருக்குத்தான். இனி அங்கயேதான் இருக்கப்போறேன்னு... உங்ககிட்ட சொல்லிட்டேன்னாளே, சார்?"

வீட்டில் அவள் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையாம்மா?"

"மூணு தடவை ஆரம்பிச்சேன்ப்பா. ஒவ்வொரு தடவையும் நடுவுல புகுந்து நீங்க ஒரு ஜோக் சொன்னீங்க."

எந்த ஜோக் என்றுகூட எனக்கு நினைவில்லை. கீழே இறங்கி, அன்றுதான் சுவரில் இருந்த என் முகத்தை நிதானமாகப் பார்த்தேன். வாலு என்னை வாய் திறந்தபடியே வரைந்திருந்தாள். காது இரண்டையும் வரைய மறந்திருந்தாள்.

மறுநாள் காலை வாசலில் மகள் பெட்டியோடு நின்றாள். சொல்ல ஆயிரம் இருந்தது. இன்றைக்காவது அவள் பேசட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். 'போகாதே' என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்தாளோ என்னவோ.

"கோவமா இருக்கீங்க. பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.