இந்த வருடம் மாடுகளுக்குப் பூ இல்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் தானாக ஊறி வந்ததில்லை. எங்கள் ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தை நடத்தும் கொர்பினியன் கேட்டு வாங்கிய சரக்கு இது.

"இலையுதிர்காலத்துல நம்ம ஊர்ல என்னென்ன அனுபவிக்கலாம்னு கதை மாதிரி எழுதிக் குடுப்பா. படிச்சவன் உடனே பெட்டியைக் கட்டணும்" என்றான்.

(ஊர் திரோல் மலைகளுக்கு நடுவில், ஏரிக்கரையில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வண்டி நிறுத்த இடமில்லை.)

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்.

ஏரி நீரில் பொன்னிற இலைகள் மிதக்க, காதலர் இருவர் படகில் —

படகில் என்ன செய்வார்கள்? படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அது சரியாக வரவில்லை என்று சண்டை போடுவார்கள். அடித்துவிட்டேன்.

சூடான பூசணி சூப்பை உறிஞ்சியபடி —

இங்கே உண்மை பேச வேண்டியிருக்கிறது. செப்டம்பர் பிறந்தால் எங்கள் ஊரில் பூசணியிடமிருந்து தப்பவே முடியாது. சூப்பில் பூசணி, ரொட்டியில் பூசணி. விடுதியில் முதுகு பிடித்துவிடும் எண்ணெயில்கூடப் பூசணி. உள்ளூர்க்காரன் எவனும் அதைச் சீண்டுவதில்லை. இதையும் அடித்துவிட்டேன்.

2

மிச்சம் இருந்தது மாடுகள்.

கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகள் இலையுதிர்காலத்தில் ஊருக்கு இறங்கும். தலையில் பூக்கிரீடம், கழுத்தில் பெரிய மணி, முன்னால் ஊர் வாத்தியக்குழு. இதைப் பார்க்கத்தான் பேருந்து பேருந்தாக ஆள் வருகிறது. ஆனால் பூவுக்கு ஒரு நிபந்தனை உண்டு.* எல்லா மாடும் உயிரோடு திரும்ப வேண்டும், மாட்டுக்காரர் வீட்டிலும் சாவு விழுந்திருக்கக் கூடாது. விழுந்திருந்தால் பூவும் கிடையாது, மணியோசையும் கிடையாது. ஓசைப்படாமல் இறக்கிவந்து தொழுவத்தில் கட்டிவிடுவார்கள்.

*இந்த நிபந்தனையைச் சுற்றுலாக் கையேட்டில் போட வேண்டாம் என்று கொர்பினியன் சொல்லியிருக்கிறான். வருகிறவர்களுக்கு மனசு கஷ்டமாகிவிடுமாம்.

என் கதாநாயகி நொட்புர்கா. எல்லாருக்கும் புர்கி. கொர்பினியனின் அண்ணன் மனைவி. மந்தை அவளுடையது. இந்த ஆகஸ்டில் மலையில் இடி விழுந்து, மந்தைக்கு முன்னால் நடக்கும் ஸென்ஸி என்ற மாடு செத்துப்போனது.

முதல் வரைவில் புர்கியை, செத்த மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவைத்தேன். எனக்கே பிடிக்கவில்லை. அவள் அழுகிற ரகமில்லை, ஆளைக் கடிக்கிற ரகம். மாற்றி எழுதினேன்.

3

மாடுகள் இறங்க வேண்டியதற்கு முந்தின நாள், கொர்பினியன் பளபளக்கும் காலணியோடு மலைக்குடிலுக்கு ஏறிப்போனான். (நான் அங்கே இல்லை. அவன் சொன்னது பாதி, அவள் சொன்னது பாதி. இரண்டையும் கலந்தால் பொய் கொஞ்சம் மட்டுப்படும்.) புர்கி வாசலில் உட்கார்ந்து மணிகளுக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணி இது, மணியோட வாயை அடைக்கிறீங்க?"

"உன் வாயை அடைக்க வைக்கோல் பத்தாதே, அதான் இதை அடைக்கிறேன்."

"விளையாடாதீங்க. பேருந்தெல்லாம் கிளம்பியாச்சு. செத்தது ஒரே ஒரு மாடுதானே அண்ணி?"

"ஆமா, ஒரே ஒரு மாடு. உனக்கும் ஒரே ஒரு அண்ணன்தானே இருந்தான்?"

கொர்பினியன் தன் காலணியைப் பார்த்தான். அதில் சாணி.

போன வருடம் புல் அறுப்புச் சமயத்தில் புர்கியின் கணவன் லோயிஸ் மாரடைப்பில் போய்விட்டான். மண் காய்வதற்குள் கொர்பினியன் வந்து நின்றான். "அண்ணன் இருந்தா பூ கட்டத்தான் சொல்லியிருப்பாரு அண்ணி" என்றான். அவளுக்கு அப்போது எதிர்த்துப் பேசத் தெம்பில்லை, கட்டினாள். கறுப்பு உடையில் மந்தைக்கு முன்னால் நடந்துவந்தவளை, சுற்றுலா வந்த ஒரு அம்மாள் படமெடுக்க வழிமறித்து, "கொஞ்சம் சிரிங்க" என்று கேட்டாள். புர்கி சிரித்தாள். அந்தப் படம்தான் இந்த வருடக் கையேட்டின் அட்டை. ரொட்டிக்கடை, தபால் நிலையம், படகுத்துறை என்று போகிற இடமெல்லாம் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"புருஷனுக்குக் காட்ட வேண்டிய மரியாதையை உன் பேச்சைக் கேட்டுத் தொலைச்சேன். மாட்டுக்காவது ஒழுங்கா செஞ்சுட்டுப் போறேன். கீழ இறங்கு, இருட்டப்போகுது" என்றாள் புர்கி.

4

இனி முடிவுகள்.

அ) விடிந்ததும் அவள் மனம் மாறிப் பூ கட்டுகிறாள், கொழுந்தனும் அண்ணியும் கட்டிப்பிடித்துக் கண் கலங்குகிறார்கள், எல்லாருக்கும் பூசணி சூப். (கொர்பினியனுக்கு ரொம்பப் பிடித்தது.)

ஆ) பூவில்லாத மந்தையைக் கண்டதும் வந்தவர்கள் விஷயம் புரிந்து, தொப்பியைக் கழற்றி மௌனமாக நிற்கிறார்கள். (இதை நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு கையில் கைபேசி, மறு கையில் சூப். தொப்பியை எப்படிக் கழற்றுவார்கள்?)

இ) நான் ஒன்று யோசிப்பதற்குள் கொர்பினியன் முந்திக்கொண்டான். சமவெளிப் பண்ணை ஒன்றிலிருந்து மாடுகளை வாடகைக்குப் பிடித்தான். ஜென்மத்தில் மலையைப் பார்த்திராத, கொட்டிலிலேயே வளர்ந்த மாடுகள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் லாரியிலிருந்து இறக்கி, காகிதப் பூ சூட்டி, ஏதோ சிகரத்திலிருந்து வருகிற பாவனையில் கடைத்தெருவுக்குள் விட்டான். ஒன்று முன்னால் போனதன் கிரீடத்தைத் தின்றது. இன்னொன்று கொம்பு வாத்தியத்தைக் கேட்டு மிரண்டு, சூப் கடை மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டது. கூட்டம் கைதட்டியது.

இதை என் கற்பனை என்று நினைத்தால் நன்றி. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது.

5

இந்தக் கூத்துக்கு நடுவில், ஏரிப்பக்கச் சந்திலிருந்து புர்கி வந்துகொண்டிருக்கிறாள். போன வருடத்துக் கறுப்பு உடை. பின்னால் மந்தை. மணிகள் அடைபட்டிருப்பதால் குளம்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. அவளுக்கு முன்னால் ஸென்ஸி நடக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்துக்குள் மற்ற மாடுகள் நுழையாமல் கோலை நீட்டிப் பிடித்திருக்கிறாள். வாத்தியக்குழுக்காரர்கள் உள்ளூர்க்காரர்கள், விஷயம் தெரிந்தவர்கள். ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்துகிறார்கள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. கையேட்டைப் பார்த்து வந்தது நீங்கள்தானே? ஒரு பக்கம் காகிதப் பூ, மறு பக்கம் புர்கி, நடுவில் நீங்கள். உங்கள் பக்கத்தில் நிற்பவர் கையேட்டை எடுத்து அட்டையைப் பார்க்கிறார். அவள் முகத்தைப் பார்க்கிறார். அடையாளம் தெரிந்துவிட்டது. கைபேசியைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால், அந்தக் காலி இடத்துக்குள் போய் நிற்கிறார். வாயைத் திறக்கிறார்.

"கொஞ்சம் —"

அவரை முடிக்க விடுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. கை எட்டும் தூரத்தில்தான் நிற்கிறீர்கள்.