வெந்நீர் டிஸ்கோ

வாட்டர் ஹீட்டர் வாங்கினா ஒரு ரெக்கார்டு இலவசம். அந்த ரெக்கார்டுல பாடினவ நான்தான். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கோங்க, நானே எத்தனையோ தடவை சிரிச்சிருக்கேன்.

டிஸ்கோ பைத்தியம் எல்லாரையும் பிடிச்சு ஆட்டின காலம் அது. செருப்புக் கடைக்கும் டிஸ்கோ, பல்பொடிக்கும் டிஸ்கோ. அந்த ஹீட்டர் கம்பெனி முதலாளிக்கும் ஆசை வந்துடுச்சு. என் வீட்டுக்காரர் ஒரு சின்ன பேண்டுல ஆர்கன் வாசிச்சுக்கிட்டிருந்தார், நான் அதுல பாடுவேன். எங்களைக் கூப்பிட்டாங்க. “குளிருதே குளிருதே, குழாயைத் திருகு”ன்னு பாட்டு. கொஞ்சம் மூச்சு விட்டு, கொஞ்சிக் கொஞ்சிப் பாடணுமாம். வெந்நீருக்கு எதுக்குய்யா கொஞ்சல்? ரெக்கார்டோட அடுத்த பக்கத்துல கம்பெனி இன்ஜினியர் ஹீட்டரை எப்படி மாட்டணும்னு விளக்குவார். “சுவரில் துளையிடும் முன் மின்சாரத்தை நிறுத்தவும்”னு அவர் சொல்ல, பின்னாடி டும்டும்னு டிரம்ஸ் ஓடும். அப்படி ஒரு கூத்து. வாங்கினவங்கள்ல பாதிப் பேர் அதைப் பெட்டியை விட்டே எடுத்திருக்க மாட்டாங்க. கொஞ்ச நாள்ல கம்பெனியையும் இழுத்து மூடிட்டாங்க.

அதோட நான் பாட்டையே விட்டுட்டேன். வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துட்டார். இப்போ ஒரு சலவைக் கடை மூலையில மெஷின் போட்டு உக்காந்திருக்கேன். பேன்ட்டைக் கீழ மடிச்சுத் தைக்கிறது, ஜிப்பு மாத்துறது, இடுப்பைப் பிரிச்சு விடுறது. இத்தனை வருஷம் கழிச்சு அந்தச் சனியனை ஒருத்தன் தோண்டி எடுப்பான்னு நான் கண்டேனா?

எடுத்தவனைக் கண்ணாடின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. முகத்துல பாதி கண்ணாடிதான். என் பொண்ணு வேலை பாக்குற பல் ஆஸ்பத்திரிக்குக் கீழ பழைய ரெக்கார்டு கடை வச்சிருக்கான். தலையும் புரியாம வாலும் புரியாம, யாருமே கேள்விப்படாத டிஸ்கோ ரெக்கார்டுன்னா அவனுக்கு உசுரு. நாய் குரைக்கிறதையே தாளமா வச்ச ஒண்ணு, டைப்ரைட்டிங் சொல்லித் தர டிஸ்கோ ஒண்ணு, பாடகருக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கும்போதே பதிவு பண்ணின ஒண்ணு. கேட்டா, “பெரிய பாட்டெல்லாம் எல்லாரும் பத்திரமா வச்சிருக்காங்க ஆன்ட்டி. இதெல்லாம் எவனோ ஒருத்தன் மனசார நம்பிப் பண்ணது. நானும் விட்டா யாரு கேப்பா?”ன்னு சொல்வான். நல்ல பையன். திட்டக்கூட மனசு வராது, அதுதான் தொல்லை. பழைய இரும்புக் கடையில துருப்பிடிச்ச ஹீட்டர் ஒண்ணு பெட்டியோட கிடைச்சுதாம், அதுக்குள்ள நான் இருந்தேனாம். அதை அப்படியே இன்டர்நெட்ல போட்டுட்டான்.

ஒரு நாள் என் பொண்ணு கடைக்குள்ள ஓடி வந்தா. “அம்மா, நேத்து ராத்திரி நானும் போயிருந்தேன், உன் பாட்டுக்கு எல்லாரும் ஆடுறாங்கம்மா!”ன்னு போனை என் மூக்குக்கு நேரா நீட்டினா.

பெரிய ஹால். என் பேரப்பிள்ளை வயசுல இருக்குற பசங்க, பொண்ணுங்க. ஆட்டம்னா அப்படி ஒரு ஆட்டம். எனக்குக்கூடக் கால் லேசா துடிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். பாட்டு நடுவுல டிரம்ஸ் நிக்குற இடம் ஒண்ணு இருக்கு. பேஸ் கிட்டார் மட்டும் தனியா துடிக்கும். அந்த இடம் வந்ததும் அத்தனை பேரும் கையைத் தூக்கிக்கிட்டு அப்படியே நின்னாங்க. ரெக்கார்டுக்குள்ள இருந்து என் குரல், “அம்மா!”ன்னு கத்துச்சு. கூடவே அத்தனை பேரும் “அம்மா!”ன்னு கத்தினாங்க. டிரம்ஸ் மறுபடி விழுந்துச்சு, குதிச்சாங்க பாருங்க.

மெஷினை நிறுத்திட்டு, “வேலை கெடக்கு, போடி”ன்னு விரட்டிட்டேன்.

அடுத்த வாரம் கண்ணாடியே வீட்டுக்கு வந்துட்டான். ரெக்கார்டைப் புதுசா அச்சடிச்சு விடப் போறானாம், எனக்குச் சம்மதமான்னு கேட்டான். “அந்த ஒரு ‘அம்மா’வுக்காகத்தான் ஆன்ட்டி எல்லாரும் கேக்குறாங்க. எழுதி வச்சுப் பாடினதா, இல்ல தானா வந்ததா?”

“தானா வந்ததுதான்.”

“நெனச்சேன்! அது நடிப்பே இல்ல ஆன்ட்டி, மேதை நீங்க.”

“அதை வெட்டிட்டுப் போடு.”

அவன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடி மாட்டிக்கிட்டான். “பாட்டோட உயிரையே எடுக்கச் சொல்றீங்களே ஆன்ட்டி!”

“எடுன்னா எடு. இல்லேன்னா ரெக்கார்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.”

அவன் தொங்கின முகத்தோட போனதும் என் பொண்ணு பிடிச்சுக்கிட்டா. “ஏம்மா இப்படி இருக்க? ஊரு உலகமே உன்னைக் கொண்டாடுது, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? சந்தோஷப்படவே தெரியாதா உனக்கு?” அவ பேசிக்கிட்டிருக்கும்போதே அவ போன் அடிச்சுது. மணிச் சத்தமா அதைத்தான் வச்சிருந்தா. “அம்மா!” மறுபடியும், “அம்மா!” டேபிள் மேல போன் அதிர்ந்து அதிர்ந்து கத்துது, அவ எடுக்காம என்னைத் திட்டிக்கிட்டே இருக்கா.

“அதை நிறுத்துடி! அது பாட்டு இல்லடி, வலிடி”ன்னு கத்திட்டேன்.

அதுக்கப்புறம் சொல்லாம இருக்க முடியல. அப்போ எனக்கு ஏழாம் மாசம். தொளதொளன்னு சட்டை போட்டுக்கிட்டு மறைச்சுத்தான் போனேன், தெரிஞ்சா வேற ஆளைப் போட்டுடுவாங்களே. அந்த இடத்துல டிரம்ஸ் நின்னுது, எனக்கு இடுப்புல வெட்டினாப்புல ஒரு வலி. கத்திட்டேன். ஸ்டுடியோ கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பதிவு பண்றவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், பிரமாதமா நடிக்கிறேனாம். வாசிக்கிறவங்க யாரும் நிறுத்தல, நானும் மீதியைப் பாடி முடிச்சேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியில பையன் பொறந்தான். அவன் அழவே இல்ல. துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாங்க, தலைமுடி மட்டும் பாத்தேன், நிறைய முடி. பேரு வைக்கல, போட்டோ கிடையாது. வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் நானும் அவரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசிக்கல.

என் பொண்ணு பக்கத்துல வந்து உக்காந்தா. அப்புறம், “எனக்கு ஒரு அண்ணன் இருந்தானா?”ன்னு கேட்டா. நாப்பது வயசு ஆனவ, பச்சப் புள்ள மாதிரி கேட்டா. போனை எடுத்து அந்தச் சத்தத்தை அழிச்சா. “நானும் அந்தக் கூட்டத்துல நின்னு கத்தினேம்மா”ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. நான்தான் கையைப் பிடிச்சேன்.

“கண்ணாடிகிட்ட காரணம் எதுவும் சொல்லாத. அம்மாவுக்குப் பிடிக்கலன்னு மட்டும் சொல்லு”ன்னு அனுப்பினேன். ஊர்ல எல்லாரும் உச்சுக் கொட்டுறதுக்கா என் புள்ள?

கண்ணாடி சொன்னபடி செஞ்சுட்டான். கடைக்குக் கூப்பிட்டு, ஹெட்போனை என் காதுல மாட்டிவிட்டான். “முன்னாடி இருந்த பேஸை எடுத்து அந்த இடத்துல ஒட்டியிருக்கேன் ஆன்ட்டி, ஒட்டுப் போட்டதே தெரியாது”ன்னான். தெரியல. எனக்குத் தெரிஞ்ச தையல்லகூட இவ்வளவு சுத்தமா இருக்காது. டிரம்ஸ் நின்னுது, பேஸ் மட்டும் துடிச்சுது, ஒண்ணும் நடக்கல, மறுபடி டிரம்ஸ் வந்துச்சு.

நான்தானே கேட்டேன்? நிம்மதியா இருக்கணும்ல? வீட்டுக்கு வந்து தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டுப் பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அவன் இந்த உலகத்துக்கு வந்துட்டுப் போனதுக்கு அந்த ஒரு சத்தம்தான் இருந்துச்சு. அதையும் நானே வெட்டச் சொல்லிட்டேன். வச்சிருந்தா கேக்க முடியல, எடுத்தா பொறுக்க முடியல. இதை யார்கிட்ட போய்ச் சொல்ல?

ரெக்கார்டு வெளியிட்ட அன்னிக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம். கண்ணாடி கடையில அடுக்கையெல்லாம் ஓரங்கட்டிட்டு, முன்னாடி எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தான். பக்கத்துல என் பொண்ணு. கூட்டம் கடையைத் தாண்டித் தெருவுல நின்னுது. என்னைப் பாத்ததும் விசிலடிக்கிறாங்க, “குழாயைத் திருகு ஆன்ட்டி!”ன்னு கத்துறாங்க. பாசமாத்தான் கத்துறாங்க. யாரைக் குறை சொல்றது?

பாட்டு ஓடுச்சு. அந்த இடம் வந்துச்சு. டிரம்ஸ் நின்னுது. எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க. ரெக்கார்டுல ஒண்ணும் வரல.

“அம்மா!”ன்னு அத்தனை பேரும் கத்தினாங்க.

ரெக்கார்டுல இல்லாதது அவங்க தொண்டையில இருந்துச்சு. வெட்டினது அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்ல. தங்களுக்காகவே காலியா விட்ட இடம்னு நெனச்சுக்கிட்டாங்க போல, முன்னைவிட ரெண்டு பங்கு சத்தம். என் பொண்ணு எழுந்து கண்ணாடிகிட்ட ஓடப் பாத்தா. “விடுடி, என்னன்னு சொல்லி நிறுத்துவ?”ன்னு அவ மணிக்கட்டைப் பிடிச்சு உக்கார வச்சேன். கண்ணாடிக்கு முகமெல்லாம் பல்லு. ரெக்கார்டு பிளேயர் முள்ளைத் தூக்கி அதே இடத்துக்கு முன்னாடி வச்சான். மறுபடியும் கத்தினாங்க. மறுபடியும் வச்சான்.

யாரோ ஒரு பொண்ணு மைக்கோட வந்து என் முன்னால மண்டி போட்டா. “ஆன்ட்டி, ஒரே ஒரு தடவை நீங்க சொல்லுங்க, உங்க குரல்லயே கேக்கணும்”னு கெஞ்சினா. கூட்டம் கப்புனு அடங்கிருச்சு. பேஸ் மட்டும் துடிச்சுக்கிட்டிருந்தது. என் பொண்ணு, “வேண்டாம்மா, வேண்டாம்மா”ன்னு என் காதுகிட்ட அழுதா.

நான் வாயைத் திறந்தேன். வெறும் காத்துதான் வந்தது. அதுக்கும் கை தட்டினாங்க.